அழுகையை வெட்டியவள்

சவுத் ஹேலில் நாய் வாங்கினாலும், நிலம் விற்றாலும், கல்யாணம் நிச்சயமானாலும் கடைசியில் கிளாடெட்டின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாக வேண்டும். வெர்மான்ட் மாநிலத்தில் ஊர் கிளார்க் என்றால் அப்படித்தான். நாய்க்குக் கழுத்து வில்லை, நிலத்துக்குப் பத்திரம், கல்யாணத்துக்கு உரிமம், ஆள் போய்விட்டால் அதற்கும் ஒரு பதிவு. "பொறந்தா இவ கையெழுத்து, செத்தா இவ கையெழுத்து. நடுவுல நான் சோறு திங்கறதுக்குத்தான் இன்னும் சீட்டு கேக்கல" என்று அவள் கணவன் லூசியன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்த மேசையில் அவள் உட்கார்ந்ததே தற்செயல்தான். பால் பண்ணை நொடித்து லூசியன் மாடுகளை ஏலத்துக்கு விட்ட வருஷம், பழைய கிளார்க் தன் மகளோடு தெற்கே போய்விட்டாள். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் யாரோ கிளாடெட்டின் பெயரைச் சொன்னார்கள். அவள் பின்கட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு டோனட் பொரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு எந்த மார்ச்சிலும் அவளை எதிர்த்து யாரும் நின்றதில்லை.

ஊர்க்குழுவில் மூன்று பேர். மாதத்துக்கு இரண்டு கூட்டம். கூட்டத்தின் மினிட்ஸ் எழுதுவது அவள் வேலை. அவள் மினிட்ஸ் சுருக்கத்துக்குப் பேர்போனது. அண்ணனும் தம்பியும் வேலிச் சண்டையில் பெற்ற தாயையே இழுத்துத் திட்டிக்கொண்ட மாலை, அவள் எழுத்தில் 'எல்லை குறித்துப் பேசப்பட்டது' என்று முடிந்துபோயிற்று. ஒருத்தி மேசையைக் குத்திவிட்டு எழுந்து போனாள். 'வரி குறித்துப் பேசப்பட்டது.' எடுத்த முடிவைத்தான் எழுத வேண்டும், எவர் குரல் உடைந்தது என்பதையெல்லாம் எழுத வேண்டியதில்லை. மறுநாள் காலையில் இதே ஆட்கள் ஒரே கடையில் நின்று காப்பி வாங்க வேண்டுமே என்பது அவள் எண்ணம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பிறகு மாநிலம் சட்டம் போட்டது. கூட்டங்களைப் பதிவு செய்ய வேண்டும், பதிவை எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் ஏற்ற வேண்டும். கிளாடெட் அதற்கு விரோதி இல்லை. பனிக்காலத்தில் வண்டி எடுக்க முடியாதவர்கள் வீட்டிலிருந்தபடியே கேட்கலாமே என்று குழுவிடம் எடுத்துச் சொன்னவளே அவள்தான். ஒரு கேமராவும் முக்காலியும் வாங்கினார்கள். அதை இயக்கவும், தொடக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தத்தையும் கடைசியில் கோட்டு மாட்டும் சலசலப்பையும் வெட்டி எடுக்கவும் மாவட்ட நூலகத்தில் ஒரு நாள் பாடம் நடத்தினார்கள். அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள்.

ஆனால் அந்த வருஷமே ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒன்று நடந்தது. குப்பைக் கிடங்கு திறக்கும் நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்று ஒருத்தி கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தினாள். அந்தத் துண்டை மட்டும் எவனோ வெட்டி எடுத்து, பின்னணியில் கோழி கொக்கரிப்பதைச் சேர்த்து உலவ விட்டுவிட்டான். முன்பின் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகள் பஸ்ஸில் ஏறும்போதே கொக்கரித்தன. அவள் வேலையை விட்டுவிட்டாள். கிளாடெட்டுக்கு அவளை நேரில் தெரியாது, ஆனாலும் அந்தச் சிரிப்பு ஒரு முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

மெரில் ஸ்டாடர்ட், ஸ்டாடர்ட் மலைச் சாலையின் உச்சியில் இருந்த கடைசி வீட்டுக்காரர். சாலைக்கே அவர் குடும்பத்துப் பெயர்தான். அந்த வசந்தத்தில் மனைவி ஏவிஸ் போய்ச் சேர்ந்தபின் அங்கே அவர் தனி. ஏவிஸ் கிளாடெட்டோடு சர்ச் விருந்துகளில் பீன்ஸ் வேகவைத்தவள். மகள் டார்லீன் ரட்லண்ட் நகரத்தில் இருந்தாள்.

ஊராட்சி ஒரு சாலையைக் கைவிடுவதை அந்தப் பக்கத்தில் 'ரோட்டைத் தூக்கிப் போடுவது' என்பார்கள். ரோடு என்னவோ இருந்த இடத்தில்தான் இருக்கும். பனி தள்ளும் வண்டி மட்டும் அந்தப் பக்கம் வராது. இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, ஸ்டாடர்ட் மலைச் சாலையைத் தூக்கிப் போடலாமா என்பது கூட்டத்துக்கு வந்தது. ஒரே ஒரு வீட்டுக்காக அவ்வளவு ஏற்றம் வண்டி ஏற வேண்டியிருக்கிறது என்றார்கள்.

மெரில் சவரம் செய்துகொண்டு, சர்ச்சுக்குப் போடும் சட்டையில் வந்திருந்தார். குழுத் தலைவர் ராய்ஸ் பெட்டங்கில், பேசுகிறவர்களுக்கு நேரம் குறிக்க, முட்டை வேகவைக்கும்போது வைக்கிற சின்னக் கடிகாரத்தைத் திருகி வைப்பார். அன்றைக்கும் திருகினார்.

"தூக்கிப் போடறேங்கறீங்க. எங்க போடுவீங்க? என் முதுகுலயா?" என்று மெரில் ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"டார்லீன் பொறந்த மாசம் பனி ஜன்னல் உயரத்துக்கு இருந்துச்சு. ஏவிஸுக்கு வலி எடுத்திருச்சு. ராய்ஸ், உங்கப்பா வண்டிய எடுத்துக்கிட்டு வந்தாரு. முன்னாடி அவர் பனிய ஒதுக்கிக்கிட்டே போறாரு, பின்னாடியே நான் போறேன். ஏவிஸ் பின் சீட்டுல கத்தறா. என்னைத் திட்டறா, உங்கப்பாவத் திட்டறா, இந்த ஊரையே திட்டறா..."

அப்போது கடிகாரம் கிணுகிணுத்தது. ராய்ஸ் அவசரமாக அதை அமுக்கினார். ஆனால் மெரிலின் பேச்சு அறுந்துவிட்டது. எங்கே விட்டோம் என்று தேடுகிறவர் போலப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். பார்த்தவர் அதனிடமே பேசத் தொடங்கினார். நீயே சொல்லு, அன்னைக்கு என்னல்லாம் சொல்லித் திட்டின, இவங்களுக்குச் சொல்லு. பதில் வரவில்லை. அவருக்கும் அது புரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். வாயைத் திறந்துகொண்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை அழுகிற அழுகை.

அறையில் இருந்த எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அங்கே அதுதான் மரியாதை. ஒரு ஆண்பிள்ளை அழுதால் மற்றவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்ப்பார்கள். கிளாடெட்டும் தன் கையிலிருந்த பேனாவைத்தான் பார்த்தாள். கேமரா மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்த அழுகைக்கு நடுவில்தான் ராய்ஸ் சொன்னார்: "மெரில், மெரில். நீங்க அந்த வீட்ல இருக்கற வரைக்கும் அந்த ரோட்டை நாங்க தொட மாட்டோம். வண்டி வரும். சரியா? வண்டி வரும்." மற்ற இரண்டு குழுக்காரர்களும் தலையாட்டினார்கள். தீர்மானம் என்று யாரும் எழுந்து முன்மொழியவில்லை. அழுகிறவனை வைத்துக்கொண்டு கை தூக்கி ஓட்டுப் போடவா முடியும்? அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை சமையலறை மேசையில் கிளாடெட் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். முந்தின நாள் பார்க்காமல் விட்ட முகம் முழுத் திரையில் இருந்தது. மேலுதட்டில் வழிவது வரைக்கும் தெரிந்தது.

"இதைப் போட மாட்டேன்" என்றாள்.

லூசியன் அடுப்பில் விறகு செருகிக்கொண்டிருந்தான். "போடணும்னு சட்டம்னு நீதான சொன்ன?"

"அந்த பஸ்காரிக்கு என்ன ஆச்சுன்னு பாத்தல்ல? இந்த மனுஷன் காலி நாற்காலிகிட்ட பேசறாரு. இதுக்கு எவனாவது பாட்டுப் போட்டு விட்டா?"

"அப்ப அழுகைய வெட்டு. ராய்ஸ் சொன்னதை விட்டு வை."

அவள் முயன்றாள். முடியவில்லை. ராய்ஸின் வார்த்தைகள் அழுகையின் மேலேயே இருந்தன. அதை வைத்தால் இதுவும் வந்துவிடும். கடைசியில், 'இந்த ஊரையே திட்டறா' என்ற இடத்தில் எல்லோரும் புன்னகைக்க, அங்கிருந்து நேரே 'அடுத்தது, பனிக்கு ரோட்டுல போட உப்பு வாங்கறது' என்று ராய்ஸ் சொல்வதாகச் சேர்த்துவிட்டாள். ஒட்டுப் போட்ட இடம் தெரியவில்லை. மினிட்ஸில் 'ஸ்டாடர்ட் மலைச் சாலை குறித்துப் பேசப்பட்டது. நடவடிக்கை இல்லை' என்று எழுதினாள். அடுத்த கூட்டத்துக்கு வழக்கம்போல கேமராவின் கார்டை அழித்துவிட்டு மாட்டினாள்.

ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, குப்பைக் கிடங்கில் பாட்டில்களைப் போட்டுக்கொண்டிருந்தபோது குழுக்காரர் ஒருவரின் மனைவி அவள் முழங்கையைத் தொட்டு, "நல்ல காரியம் பண்ணினே" என்றாள். கிளாடெட்டுக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது.

அந்தப் பனிக்காலம் வண்டி மலை ஏறியது. ஜூலையில் வெள்ளம் வந்தது. ஊரின் பாதிச் சாலைகளை அரித்தது போலவே ஸ்டாடர்ட் மலைச் சாலையின் நடுவழியில், ஓடைத் தண்ணீர் போக அடியில் பதித்திருந்த பெரிய குழாயையும் பெயர்த்துக்கொண்டு போனது. தற்காலிகமாகக் கல்லைக் கொட்டி நிரவினார்கள். பனி தள்ளும் வண்டியின் பாரத்தை அது தாங்காது என்று ரோட்டு மேஸ்திரி சொன்னார். அக்டோபரில் விஷயம் மறுபடியும் கூட்டத்துக்கு வந்தது. இந்த முறை மெரிலோடு டார்லீனும் வந்தாள்.

"எங்கப்பா அங்க இருக்கற வரைக்கும் ரோட்டைத் தொட மாட்டோம்னு போன வருஷம் வாக்கு குடுத்தீங்க" என்றாள் டார்லீன்.

ராய்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு சரியாகத் தூங்காமல் கண் சிவந்திருந்தது. "டார்லீன், என்ன சொன்னேன்னு எனக்கே சரியா ஞாபகமில்ல. பாத்துக்கறோம்னு சொன்ன மாதிரி இருக்கு. அதனாலதான் நேத்து உக்காந்து அந்தப் படத்தைப் பாத்தேன். அப்படி ஒண்ணும் அதுல இல்ல. இருந்தா சொல்லு, இப்பவே கட்டுப்படறேன். என் வார்த்தைய நான் தின்ன மாட்டேன்."

"இல்லாம எப்படிப் போகும்? எங்கப்பா அங்கயிருந்து நேரா எனக்கு போன் பண்ணினாரு. வண்டி வரும்னு சொன்னாங்க, வண்டி வரும்னு சொன்னாங்கன்னு ரெண்டு தடவை சொன்னாரு."

ராய்ஸ் மற்ற இருவரையும் பார்த்தார். 'முடிஞ்ச வரைக்கும் பாக்கறோம்' என்று ராய்ஸ் சொன்னதாக ஒருவருக்கு நினைவு. 'இந்தப் பனிக்காலத்துக்குத் தொட மாட்டோம்' என்றதாக இன்னொருவருக்கு. கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் ஒருத்தர், "நான் அப்ப கீழ பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார், அது ஒரு சாட்சி போல.

வார்த்தைக்கு வார்த்தை கிளாடெட்டுக்குத் தெரியும். அத்தனை முறை பார்த்திருந்தாள். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் மெரிலின் வீடு போகும். பேனாவை மூடி வைத்தாள்.

"அது இருந்துச்சு ராய்ஸ். நான் வெட்டிட்டேன்."

கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க அந்த வீட்ல இருக்கற வரைக்கும் அந்த ரோட்டை நாங்க தொட மாட்டோம். வண்டி வரும். சரியா, வண்டி வரும். இதான் நீங்க சொன்னது. மெரில் அழுதுக்கிட்டிருந்தாரு. அதைப் போட எனக்கு மனசு வரல. இப்ப எங்கயும் இல்ல. கார்டையும் அழிச்சுட்டேன்."

"எங்கப்பா அழுததை மறைக்க நீ யாரு?" என்றாள் டார்லீன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

ராய்ஸ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கிளாடெட், நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. ஆனா போன வருஷம் பதிவுல கை வெச்சவ, இந்த வருஷம் வந்து பதிவுல இதான் இருந்துச்சுங்கற. இதை வெச்சு நான் ஊருக்கு என்ன சொல்றது? அந்தக் குழாய்க்குக் காசு போட்டா பள்ளத்தாக்கு ரோட்டு வேலை நின்னுபோகும். அங்க எத்தனை வீடு! படத்துல இருந்திருந்தா எனக்கு வேற வழியே இருந்திருக்காது. எப்படியாவது பண்ணித்தான் ஆகணும்னு பண்ணியிருப்பேன்."

அதுதான் அவளை உலுக்கியது. வேற வழியே இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தானே அந்தக் கேமரா.

சாலையைத் தூக்கிப் போட முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். மூன்று கைகளும் உயர்ந்தன. கோட்டு மாட்டும்போது மெரில் மகளிடம், "சூப்பு இருக்கா வீட்ல, இல்ல வாங்கணுமா?" என்று கேட்டது கிளாடெட்டின் காதில் விழுந்தது. அந்தக் கூட்டத்தை அவள் ஒரு நொடி குறைக்காமல், நாற்காலிச் சத்தம் உட்பட, அப்படியே ஏற்றினாள். வருகிற மார்ச்சில் நிற்கப்போவதில்லை என்று குழுவிடம் சொல்லிவிட்டாள். ராய்ஸ், "அவசரப்படாத" என்றார். இரண்டாம் முறை சொல்லவில்லை.

முதல் பனி வருவதற்கு முன்பே மெரில் ரட்லண்டுக்குப் போவதாக முடிவாயிற்று. கிளாடெட் ஆப்பிள் பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். லூசியன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். கல் கொட்டிய இடத்தில் வண்டி குலுங்கியது.

டார்லீன் கதவைத் திறந்தாள். பலகாரத்தை வாங்கிக்கொண்டாள், உட்காரச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து மெரில்தான், "யாரு, கிளாடெட்டா? வா வா. நாற்காலிய எல்லாம் கட்டிட்டா இவ, அந்தப் பெட்டி மேல உக்காரு" என்றார்.

கொஞ்ச நேரம் வெள்ளத்தைப் பற்றியும் விறகைப் பற்றியும் பேசினார்கள். டார்லீன் அடுத்த அறையில் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னமோ வெட்டிட்டேன்னு சொன்னியே" என்றார் மெரில்.

"ஆமா மெரில். நீங்க அழுதீங்க. யாராவது சிரிச்சிருவாங்களோன்னு..."

"அழுதேன். அவ்வளவுதான?" அவர் உண்மையிலேயே யோசித்தார். "ஏவிஸ் போனப்ப சர்ச்சுல அழுதேன். அவ காரை வித்தப்ப, வாங்கினவன் முன்னாடியே அழுதேன், அவன் பாவம், விலைய ஏத்திக் குடுத்துட்டான். எனக்கு என்னம்மா வெக்கம் இந்த வயசுல? நீதான் வெக்கப்பட்டிருக்க."

"ஆமா" என்றாள்.

"ரோடு போகட்டும். டார்லீன் எப்படியும் என்னைக் கூட்டிட்டுப் போயிருப்பா, இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம்" என்றார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். "ஆனா அன்னைக்கு என்ன பேசினேன்னு எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. ஏவிஸ்கூடப் பேசினேனாமே? அதைத்தான் ஒரு தடவை பாக்கலாம்னு இருந்தேன்."

கிளாடெட் சொல்லத் தொடங்கினாள். பனி ஜன்னல் உயரம் இருந்தது, ராய்ஸின் அப்பா வந்தார், ஏவிஸ் வலியில் இருந்தாள் என்று.

"நானா இப்படிப் பேசினேன்? இவ்வளவு மரியாதையாவா?"

அவள் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை ஏவிஸ் கத்தியதைச் சொன்னாள், எல்லோரையும் திட்டியதைச் சொன்னாள். கடிகாரம் அடித்ததையும், அவர் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பியதையும், மூக்கு ஒழுகியதையும், எவ்வளவு நேரம் அழுதார் என்பதையும் சொன்னாள். அடுத்த அறையில் செய்தித்தாளின் சரசரப்பு நின்றிருந்தது. மெரில் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மேலே சொல்லு என்று கையாட்டினார்.

"நாற்காலி பக்கம் திரும்பினப்ப அவளை என்னன்னு கூப்பிட்டேன்?"

"ஏவிஸ்னுதான்... இல்ல. வேற ஏதோ."

"வேற ஏதோதான் இருக்கும். தனியா இருந்தா நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். அவளுக்கு நான் வெச்ச பேரு எத்தனையோ இருக்கு. அன்னைக்கு எது வந்துச்சு?"

கிளாடெட் கண்ணை மூடினாள். நினைவில் அந்தத் திரையும் அதில் அவர் உதடு அசைவதும் தெரிந்தன. குழைவாக, சின்னதாக ஒரு சொல். சமையலறை மேசையில் அத்தனை முறை கேட்ட சொல். அப்போதெல்லாம் அவள் கண் அவர் மூக்கின் மேலேயே இருந்திருக்கிறது.

டார்லீன் கையில் ஒரு தட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

"அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு" என்றார் மெரில்.

அவள் யோசித்தாள். அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள்.